ஆனைமலைக்குப் போகாத சைக்கிள்

கொங்கு நாட்டில் ஒருவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கையில் ஒரு காரணம் மட்டும் இருக்க வேண்டும். கல்யாணம், எழவு, சீர், சந்தை, மோட்டார் காயில் எரிந்து போனது என்று எதையாவது சொன்னால் வழி கேட்காமலே வழி சொல்லி அனுப்பி வைப்பார்கள். ‘சும்மா போறேன்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து, வீட்டில் என்ன தகராறு என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இந்த ஞானம் இல்லை. மீசை மட்டும் இருந்தது. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஆபீஸுக்கு வந்து போகும் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாள் முழுக்கத் தன்னந்தனியாக சைக்கிளில் கிராமங்களைச் சுற்றிவிட்டு வந்து எழுதிய கட்டுரையைப் படித்தேன். பாதி புரிந்தது. புரியாத பாதிதான் என்னை அதிகம் கவர்ந்தது. பக்கம் முழுக்கப் பச்சை மலை, வளைந்த சாலை, ஒற்றைச் சைக்கிள். அந்த ஆளின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எனக்கும் அந்தத் தெளிவு வேண்டுமென்று தோன்றியது. (அதுவரை எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.)

ஆனைமலைக்குப் போவதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை லீவு கேட்டேன். எங்கள் மேனேஜர் லீவு கொடுப்பதில் கறாரானவர். எதற்கு என்று கேட்டார். சைக்கிளில் ஆனைமலை போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனைமலை என்றால் மாசாணியம்மன். அங்கே தனியாகப் போகிறவர்கள், தமக்கு அநியாயம் செய்தவர் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து, கோயிலில் இருக்கிற நீதிக்கல்லில் பூசி அம்மனிடம் நியாயம் கேட்பவர்கள்.

“ஆரு மேலப்பா மொளகா அரைக்கப் போறே?” என்றார்.

அதெல்லாம் இல்லை சார், சும்மாதான் என்றேன். அவர் அதை நம்பவில்லை. போன மாதம் எனக்குக் கொடுக்க மறுத்த லீவு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “சனிக்கிழமை என்ன, வெள்ளிக்கிழமை மத்தியானமே கெளம்பிக்கோ” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். டிராயிங் ஆபீஸ் முழுவதும் அன்று மாலை என்னிடம் மரியாதையாகப் பேசியது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது வரைபடம். கிணத்துக்கடவு வரை பொள்ளாச்சி மெயின் ரோடு. அங்கிருந்து வலது பக்கம், அதாவது மேற்கே பிரிந்து, தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிராமத்துச் சாலைகளில் நெளிந்து ஆனைமலை. வழி முழுக்க மலை கூடவே வரும். ஆபீஸில் இருந்த மாவட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, சாலைகளை மட்டும் கோடாக இழுத்து, அம்மோனியா மெஷினில் ஒரு பிரிண்ட் எடுத்தேன். ஆபீஸ் மெஷினைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துகிற பதற்றத்தில் டிரேசிங்கைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். பம்பு படமாக இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இது கோயமுத்தூர் மாவட்டம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. இடமெல்லாம் வலமாகி, வலமெல்லாம் இடமாகி, கண்ணாடியில் பார்த்தது மாதிரி வந்தது. ஊர்ப் பெயர்களை நான் அந்தப் பிரிண்டின் மேல்தான் பேனாவால் எழுதினேன். அதனால் பார்க்க வெகு அழகாக இருந்தது. படம் வரைவதைத் தொழிலாகக் கொண்டவன் செய்த காரியம் இது.

முதலுதவியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்று அந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். கம்பெனி வாட்ச்மேன் ரூமில் சும்மா கிடந்த தகரப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைப் பெயிண்ட், நடுவில் பெரிய சிவப்புப் பிளஸ் குறி. உள்ளே மருந்து என்று எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு வசதியாக இருக்கும் என்று கேரியரில் வைத்துக் கட்டினேன்.

அம்மாவுக்கு மட்டும் இந்தத் திட்டத்தின் தத்துவம் பிடிபடவில்லை. ஆனைமலைக்குப் பக்கத்தில் அவருடைய ஒன்றுவிட்ட அக்கா, சரசுப் பெரியம்மா, ஒரு தோட்டத்தில் இருந்தார். சின்ன வயதில் ஒருமுறை பார்த்தது. முகம்கூட ஞாபகம் இல்லை. “சரசக்காளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிப்போடறேன் கண்ணு. மத்தியானம் ஒரு வாய் சோறாச்சும் திங்கலாம்” என்றார். தனியாகப் போவது என்றால் என்ன என்பதை விளக்கி, யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். “செரி கண்ணு” என்றார். அம்மா அவ்வளவு சீக்கிரம் சரி என்றால் அதற்கு மறுநாள் காலை போன் போடுவார் என்று அர்த்தம்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் கிளம்பினேன். ஆடி மாதம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை. நானும் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தேன். ஆனால் கட்டுரையில் காற்றைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. உக்கடம் தாண்டி, சுந்தராபுரம் தாண்டி, ஊர் அடங்கியதும் அது வலது பக்கத்திலிருந்து வந்து என்னைத் தோளோடு தள்ளியது. நான் தெற்கே மிதித்தால் சைக்கிள் கிழக்கே போயிற்று. எதிரில் வந்த பஸ்காரர்கள் எல்லாரும் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்கள். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

கிணத்துக்கடவில் டீ குடித்துவிட்டு வரைபடத்தைப் பிரித்தேன். இடது பக்கம் திரும்பு என்றது. வலது பக்கம் என்றல்லவா வீட்டில் நினைத்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. நினைப்பு பெரிதா, பிரிண்ட் பெரிதா? இடது பக்கம் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. சைக்கிள் பறந்தது. மிதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாகக் காலையில் எடுத்த தண்டால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். கூட வந்த டி.வி.எஸ். வண்டிக்காரரை முந்தினேன். முதுகுக்குப் பின்னால் மொத்தக் கேரளத்தின் காற்றும் என்னைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பது மட்டும் தோன்றவே இல்லை.

வடசித்தூர் என்று ஒரு போர்டு வந்தது. என் வரைபடத்தில் இந்தச் சாலையில் வடசித்தூர் கிடையாது. போர்டைத் தப்பான இடத்தில் நட்டிருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்காக வருத்தப்பட்டுவிட்டு மேலே போனேன். மலையையும் காணவில்லை. மேகத்தில் மறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். (திரும்பிப் பார்த்திருந்தால் முதுகுக்குப் பின்னால் முழுசாக நின்றிருக்கும்.)

மக்களின் நடவடிக்கைதான் என்னைக் குழப்பியது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பெஞ்சில் இருந்தவர் என் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். எந்தத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று கேட்டார். எல்லாத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டே போவதாகச் சொன்னேன். “அப்பப் பூராத்துக்கும் ஊசி போடறீங்களா?” என்றார். இந்த ஊரில் இப்படித்தான் கேலி செய்வார்கள் போலிருக்கிறது என்று நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளாட்டுக்கும் உண்டா என்று கேட்டார்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால், சாலையோரம் ஒரு தோட்டத்து வாசலில் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் நின்று இரண்டு கையையும் காட்டி என்னை நிறுத்தினார். பழனிச்சாமி என்று பெயர் பிறகு தெரிந்தது. “வாங்க, வாங்க. காத்தாலயிருந்து உங்களைத்தானுங்க பாத்துட்டிருக்கறோம்” என்று சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா போன் போட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதுதான் சரசுப் பெரியம்மா வீடு. ஆனைமலை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று என் கால்களை நினைத்துப் பெருமைப்பட்டேன். உள்ளிருந்து ஒரு அம்மா பதறிக்கொண்டு வந்தார். அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன். அவர் ஒரு நொடி தயங்கி, பிறகு சந்தோஷமாகச் சிரித்தார். வருகிறேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பால்காரரிடம் சொல்லி விட்டதுதான் என்றார். கோயமுத்தூரில் இருக்கிற அம்மா எதற்குப் பால்காரர் மூலம் சொல்லியனுப்பினார் என்று விளங்கவில்லை. அம்மாவின் செல்வாக்கு பெரியது என்று விட்டுவிட்டேன்.

முதலில் பார்த்துவிடலாமா என்று பழனிச்சாமி கேட்டார். வந்தவரை முதலில் சாப்பிட வைப்பதுதான் முறை என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ருக்மணி என்கிற அவர் பெயரும் பிறகுதான் தெரிந்தது. அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், கெட்டித் தயிர். பசியில் நான் நிமிரவே இல்லை. அவர்கள் இருவரும் என் எதிரில் நின்றபடி, உட்காராமல், கவலையாகப் பேசினார்கள்.

“லட்சுமி நேத்துப் பொழுதோட படுத்தவதானுங்க. எந்திரிக்கறதில்லை, தண்ணியும் குடிக்கறதில்லை. நாள் வேற தாண்டிப்போச்சு” என்றார் ருக்மணி.

எந்தக் குடும்பத்திலும் ஒரு லட்சுமி இருப்பாள். இவர் மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். பிள்ளைத்தாச்சி என்று புரிந்தது. இது எத்தனையாவது என்று கேட்டேன். நாலாவது, முதல் மூன்றும் பொட்டை என்றார். குரலில் குறை இருந்ததாக எனக்குப் பட்டது. நான் முற்போக்கானவன். பொட்டையாகப் பிறந்தால் என்ன, நன்றாகப் படிக்க வைத்தால் போயிற்று என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நேத்திருந்து வலியில கெடக்கறாங்கறீங்க. இன்னும் ஊட்டுலயே வெச்சிருக்கறீங்களே, ஒரு கார் புடிச்சுப் பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்லீங்க?”

பழனிச்சாமி யோசித்தார். “காருல ஏறுவாளுங்களா?” என்றார்.

“நாலு பேரு புடிச்சு ஏத்துனா ஏறாம என்னங்க?”

அவர் என்னை ஒரு புதுவிதமான மரியாதையோடு பார்த்தார். படித்தவர்கள் ஏதோ புது முறை கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். “நீங்களே ஒருக்காப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க” என்று பின்பக்கம் கூட்டிப் போனார். நிறைமாதப் பெண்ணை வீட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. கட்டுத்தாரைக்குள் நுழைந்தேன். இருட்டு கண்ணுக்குப் பழகும் முன்பே, “லட்சுமி, ஒண்ணும் பயப்படாதே, நான் வந்துட்டேன்” என்றேன்.

லட்சுமி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். செவலை நிறம். இரண்டு கொம்பு.

நான் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. ருக்மணி ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் தேங்காய் எண்ணெயும் கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். பழனிச்சாமி என் தகரப் பெட்டியைச் சைக்கிளிலிருந்து அவிழ்த்து இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பயபக்தியோடு திறந்தார். உள்ளே இரண்டு தேங்காய் பன், ஒரு சீப்பு வாழைப்பழம், தலை சீவுகிற சீப்பு.

அவர் பன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பன்னைப் பார்த்தார்.

“நான் டாக்டர் இல்லைங்க” என்றேன். “பம்பு கம்பெனியில டிராயிங் போடறவன்.”

“அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?”

“சும்மாங்க.”

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. பழைய மாட்டு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் இந்த வாரம்தான் வந்திருந்தார். அவர் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. பால்காரரிடம் சொல்லியனுப்பி வாசலில் காத்திருந்தபோது சிவப்புப் பிளஸ் பெட்டியோடு நான் வந்து சேர்ந்தேன். வேறு ஊர் டாக்டரைக் கூட்டிவர மொபெட்டில் கிளம்பிய பக்கத்துத் தோட்டத்துக்காரரைக்கூட, டாக்டர் வந்துவிட்டார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் தயிர்ச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நேரமெல்லாம் லட்சுமி அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

ருக்மணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். டாக்டரைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மாட்டாஸ்பத்திரி நான் வந்த வழியில் தாண்டி வந்த ஊரில்தான் இருந்தது.

வந்த வழியில் திரும்பியதும்தான் என் தண்டாலின் மகிமை தெரிந்தது. காற்று மார்பில் கை வைத்து நிறுத்தியது. எழுந்து நின்று மிதித்தேன். சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்று யோசித்தது. கண்ணில் மண். சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பியது. நடந்து போன ஒரு ஆள் என்னை முந்திவிட்டு, நின்று, என்ன ஆச்சு என்று கேட்டார். காலையில் காணாமல் போன மலை இப்போது எதிரில் பூதாகரமாக நின்றது. அதைப் பார்த்து ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

எதிரில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு தோல்பை. சைக்கிளைக் குறுக்கே போட்டு நடுரோட்டில் நின்று கையை ஆட்டினேன். அவர் நிறுத்தினார். எனக்கு மூச்சு வரவில்லை. “லட்சுமி... வலி... நேத்திருந்து...” என்று மட்டும்தான் வந்தது.

அவர் இரக்கத்தோடு என் தோளில் கை வைத்தார். “தம்பி, நான் மாட்டு டாக்டருப்பா. நீ சம்சாரத்தைப் பொள்ளாச்சி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்.

லட்சுமி யார் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புரிந்ததும் அவர் நிற்கவில்லை. அவர் பழனிச்சாமி தோட்டத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். நான் நடுவில் மறித்ததில் இன்னும் கொஞ்சம் தாமதமானது மட்டும்தான் மிச்சம்.

காற்று என்னையும் பின்னாலேயே கொண்டு போய்ச் சேர்த்தது. டாக்டர் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கியிருந்தார். கன்றின் தலை திரும்பிக்கிடப்பதாகவும், சரி செய்து கயிறு கட்டிவிட்டதாகவும், இழுக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். பழனிச்சாமியும் நானும் கயிற்றைப் பிடித்தோம். டாக்டர் சொல்லும்போது இழுக்க வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு முழுவதும் எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே விஷயம் அதுதான். கடைசி இழுப்பில் கன்று வழுக்கிக்கொண்டு வந்தது. நான் மல்லாந்து சாணிக்குள் விழுந்தேன். கன்றின் பாதி என் மடியில் கிடந்தது.

கொஞ்ச நேரம் அது அசையவில்லை. டாக்டர் மூக்கைத் துடைத்து, விலாவைத் தேய்த்தார். பிறகு அது ஒரு தும்மல் போட்டது. லட்சுமி தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தாள். காளைக் கன்று. ருக்மணி சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். முகமெல்லாம் சாணியாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

என்னைக் கிணற்று மேட்டில் குளிக்க வைத்து, பழனிச்சாமியின் வேட்டி சட்டையைக் கொடுத்து, கிணத்துக்கடவுக்குத் தக்காளி ஏற்றிப்போன டெம்போவில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து இன்னொரு வண்டி. சைக்கிள் பயணத்தின் திரும்பும் பகுதியைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து முடித்தேன்.

வீட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். சரசுப் பெரியம்மா சேவல் அடித்துக் குழம்பு வைத்து, பொழுது சாயும்வரை வாசலில் நின்றுவிட்டுப் போன் செய்திருக்கிறார். அப்பா உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் தேடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா முதலில் கேட்டது, “எவன் ஊட்டு வேட்டி கண்ணு இது?”

களைப்பில் நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லவில்லை. “லட்சுமிக்குப் பிரசவம் ஆயிருச்சும்மா. பையன். நான் மட்டும் இல்லீன்னா...” என்று ஆரம்பித்தேன். அப்பா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாடு என்கிற வார்த்தை வருவதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது.

வேட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனதில் பழனிச்சாமி குடும்பம் பழக்கமாயிற்று. அவர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லாரையும் அழைத்தார். மண்டபத்தில் என்னைக் கையைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் கூட்டிப் போய், “நம்ம லட்சுமிக்குப் பிரசவம் பாத்த சாருங்க” என்று அறிமுகப்படுத்தினார். அம்மா பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்வரை நிமிரவில்லை. ஆனால் அங்கே வந்திருந்த பல்லடம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, நல்ல மாட்டு டாக்டராக இருக்கிறாரே, கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறதே என்று விசாரித்திருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வருவதற்கு முன்பே எருமை வந்தது. டிராயிங் ஆபீஸ் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் பெண் சிரித்துவிட்டதால் மற்றது எல்லாம் சுமுகமாக முடிந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் மாமனார் ஊரிலிருந்து எனக்குப் போன் வருவது நிற்கவில்லை. ஆடு மேயவில்லை, எருமை பாலை அடக்கிக்கொண்டது என்பார்கள். நான் டாக்டர் இல்லைங்க என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். “தெரியுமுங்க மாப்ள, இருந்தாலும் உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு” என்பார்கள். பக்கத்து அறையில் மனைவியும் மகளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். போன மாதம் ஒரு மச்சான் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்று கூப்பிட்டார். போனை வைத்தால் போதுமென்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுநாளே குணமாகிவிட்டதாம். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள்.